கம்பெனிக்குப் போடுற துணி

குண்டாக இருக்கிறவர்களுக்குத் துணி எடுப்பது பற்றி என்னிடம் கேளுங்கள், விடிய விடியச் சொல்வேன். பெரிய பூப்போட்டது வேண்டாம்; பூவோடு சேர்ந்து நீங்களும் விரிவீர்கள். கஞ்சி போட்ட மொடமொட காட்டன் உடம்பில் ஒட்டாமல் தள்ளி நின்று, இருக்கிற அகலத்துக்கு மேல் இன்னும் ஒரு சுற்றுக் கூட்டும். ஜார்ஜெட் வழவழவென்று விழும், ஆனால் வயிற்று மடிப்பையும் முதுகு மடிப்பையும் ஊருக்கே அறிவிக்கும். அடர்ந்த நிறம், பொடிப் புள்ளி, உடம்போடு இழைகிற மெல்லிய காட்டன், அக்குளில் உரசாத கை. இதைக் கற்றுக்கொள்ள நான் எங்கேயும் போகவில்லை. ஊரார் சிரித்துச் சிரித்தே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தத் தைரியத்தில்தான், சிவகாசியில் ஒரு ஜவுளிக்கடையில் பெரிய சைஸுக்கென்று தனியாக ஒரு பகுதி திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வேலை கேட்டுப் போய் நின்றேன். முதலாளி கண்ணுச்சாமி அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏத்தா பாண்டிமீனா, தடிச்ச பொம்பளைக கடைக்குள்ள வந்து மொதல்ல ஒன்னயப் பாத்தாகன்னா, தாங்க எப்படி இருக்கோம்னு ஞாபகம் வந்துராதா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேலை வேண்டுமே. தீபாவளி வரைக்கும் பார்ப்போம், வியாபாரம் நடந்தால் நிரந்தரமாக வைத்துக்கொள்கிறேன் என்றார்.

அதற்கு முன்னால் நான் எம். புதுப்பட்டி பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்துகிற ரூமில் இருந்தேன். ஒருநாள் பக்கத்து ரூம் தீப்பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஓடினார்கள். வாசலைத் தாண்டிய கடைசி ஆள் நான். அந்த ரூமிலிருந்து வந்த கருப்பம்மாள் நைலக்ஸ் சேலை கட்டி, மேலே காட்டன் சட்டை போட்டிருந்தாள். சட்டை எரிந்து சாம்பலாய் உதிர்ந்துவிட்டது. சேலை உருகி உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பி வரவே இல்லை. அன்றோடு அந்த வேலையை விட்டேன். மறுபடியும் ஓட வேண்டி வந்தால் மறுபடியும் நான்தான் கடைசி. அதனால் இந்தக் கடை வேலையை உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வியாபாரமும் நடந்தது. ட்ரையல் ரூமுக்குள் போகவே கூச்சப்பட்டவர்கள் என்னைப் பார்த்ததும் தைரியமாகப் போனார்கள். அண்ணாச்சியே ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்தார்.

அப்புறம்தான் இசைவாணி வந்தாள். என்னைவிட வயது குறைவு, சுற்றளவு ஒரு பிடி கூட. நான் விட்டு வந்த அதே கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாளாம்.

"காட்டன் தவிர எதும் போடக்கூடாதுங்காகக்கா. நல்லா இருக்காப்புல ஒரு சுடிதார் எடுத்துக் குடுங்க."

எங்கள் கடையில் மெல்லிய காட்டன் கிடையாது. கசங்கும், சாயம் போகும் என்று அண்ணாச்சி வாங்கமாட்டார். இருந்தது மொடமொட காட்டன்தான்; நான் போட்டிருந்ததும் அதுதான். போட்டுக்கொண்டு வெளியே வந்தவள் கண்ணாடியை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவளாகவே ஒரு கருநீலச் சுடிதாரை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். அது தோளிலிருந்து நேராக வழிந்து விழுந்தது. இடுப்பும் வயிறும் எங்கே போயின என்று தெரியவில்லை. கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தாள், அதை நான் மறைக்கவில்லை.

"இதுவும் காட்டன்தானேக்கா? கம்பெனிக்குப் போட்டுட்டுப் போகலாம்ல?"

உள்ளே தைத்திருந்த சீட்டில் காட்டன் என்றுதான் போட்டிருந்தது. கல்லாவிலிருந்து அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கை கேட்கவில்லை. தையலோரத்தில் துணியிலிருந்தே ஒரு நூலை உருவி, அவளைத் தெருவுக்குக் கூட்டிப்போய்த் தீக்குச்சி கிழித்துக் காட்டினேன். காட்டனாக இருந்தால் பொசுங்கிச் சாம்பலாகும். இது சுருங்கி, உருகி, நுனியில் கறுப்பு உருண்டையாக இறுகியது. கருப்பம்மாள் கதையையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

இசைவாணி அந்த உருண்டையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"நீங்க போட்டிருக்கது காட்டனாக்கா?"

"ஆமா."

"எப்படி இருக்கீகன்னு கண்ணாடியில பாத்தீகளா?"

நக்கலாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

"இது வேணாம் இசைவாணி. வேற எங்கயாச்சும் போகையில போட்டுக்க."

"வேற எங்கன போறேன்? வீட்ட விட்டா கம்பெனி, கம்பெனிய விட்டா வீடு. மேல சட்டை போட்டுக்கிடுறேன், ஆருக்குத் தெரியப் போகுது?"

அடுத்த பகுதியில் நின்ற ஒல்லிப் பெண் சந்தோஷமாகப் பில் போட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் அண்ணாச்சி கூப்பிட்டார்.

"கொளுத்திக் காட்டி விக்கிறதுக்கு நான் என்ன மத்தாப்புக் கடையா வச்சிருக்கேன்? நாளைக்கு வரவேணாம்த்தா."

நாலு கடை ஏறி இறங்கினேன். என்னைப் பார்த்ததுமே ஆள் வேண்டாம் என்றார்கள். சீசன் நேரத்தில் யாரையும் வேண்டாம் என்று சொல்லாத இடம் ஒன்றுதான். பழைய கம்பெனி வேனில் ஏறினேன். ஃபோர்மேன் பெத்தணன் வாயெல்லாம் பல்லாக வரவேற்று, ஆள் குறைவாக இருந்த ரூமுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே வாசலை ஒட்டி இசைவாணி உட்கார்ந்திருந்தாள். மேலே ஆம்பளைச் சட்டை. சட்டைக்குக் கீழே கருநீலம். என்னைக் கண்டதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அண்ணே, உள்ள அவ போட்டிருக்கது காட்டன் இல்ல," என்றேன்.

பெத்தணன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "அதான் சட்டை போட்டிருக்கால்ல. லோடு ஏத்த லாரி நிக்குது, ஒக்காரு தாயி."

உள்பக்கம் சுவரோரத்தில்தான் இடம் இருந்தது. ஓட வேண்டி வந்தால் அவளைத் தாண்டித்தான் நான் வாசலுக்குப் போக முடியும். தாண்டும்போது அவள் காதில் மட்டும் விழும்படி, நாளைக்காவது இதைப் போடாதே என்று சொல்லக் குனிந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரு இன்னைக்கு வேன் நிக்கிற எடம் வரைக்கும் என்கூட நடந்து வந்தாரு. கல்யாணமாகி இன்னைக்குத்தான் மொதத் தடவ."

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்ல வந்ததை விட்டு நிமிர்ந்தேன். உள்ளே போய் உட்கார்ந்து மருந்தை அள்ளினேன்.