கூற்று ஒன்று, கூற்று இரண்டு

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் என் மனைவி கயல்விழி கேள்வியாக வந்தாள். அது பாடத்திட்டத்தில் இருப்பதுதான்.

கேள்விக்கு ஐந்து விருப்பங்கள் வரும் இந்தத் தேர்வுக்கு இரண்டு வருடமாகப் படிக்கிறேன். காப்பியா டீயா என்று கயல் கேட்டால், மீதி மூன்று விருப்பங்கள் எங்கே என்று தேடுவேன். போன வியாழக்கிழமை, "கொஞ்ச நாள் எங்கம்மா வீட்ல போய் இருக்கட்டுமா?" என்று கேட்டாள். தேர்வுக்குப் பழகிய வாய், தரப்பட்ட தகவல் போதாது என்றேன். அன்று மதியமே பொள்ளாச்சிக்குப் போய்விட்டாள். புத்தி கெட்டவன் நான்.

மேற்பார்வையாளர் இருதயமேரி வாசலில் என் உள்ளங்கையை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார்.

"பாதிக் கைதாங்க பதிவாகுது."

"மீதி?"

"பொள்ளாச்சில காட்டுது. பரவால்ல, உள்ள போங்க."

திரையில் இப்படி இருந்தது. கயல்விழி திரும்பி வருவாளா? கூற்று ஒன்று: தையல் மெஷினை விட்டுப் போயிருக்கிறாள். கூற்று இரண்டு: அதன் ஊசியைக் கழற்றி எடுத்துப் போயிருக்கிறாள்.

கை தூக்கினேன். இருதயமேரி வந்தார்.

"இதுக்கு விடை என்னங்க?"

"விடையெல்லாம் வேண்டாங்க. கண்டுபிடிக்க இந்தத் தகவல் போதுமா போதாதான்னு மட்டும் சொல்லுங்க."

"எனக்கு விடைதான் வேணும்."

"அதுக்கு வேற தேர்வு இருக்கு. வருசத்துல ஒரு நாள்தான். நேத்தோட முடிஞ்சிருச்சு."

ஐந்தாவது விருப்பத்தை அழுத்தினேன்: இரண்டு கூற்றும் சேர்ந்தாலும் போதாது. சரியான விடை. சரியாகப் போட்டால் அடுத்த கேள்வி கடினமாகும் என்பது இந்தத் தேர்வின் விதி. அடுத்த கேள்வியில் கயல் மதுரையில் இருந்தாள். அதையும் சரியாகப் போட்டேன். அதற்கடுத்ததில் கப்பலில் இருந்தாள். அறையின் கூரை உயர்ந்துகொண்டே போனது. மின்விசிறிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. காற்று மட்டும் வந்தது.

சரியாகப் போடப் போட அவள் தூரமாகப் போகிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த கேள்வியை வேண்டுமென்றே தப்பாகப் போட்டேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து இதுவரை நான் அப்படிச் செய்ததில்லை. கப்பல் திரும்பியது.

தொடர்ந்து தப்பாகவே போட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"மார்க் போயிருமேங்க."

"போகட்டுங்க."

"எது வரைக்கும் வந்துட்டாங்க?"

"உக்கடம் பஸ் ஸ்டாண்டு. இங்கிருந்து பக்கந்தான்."

"அப்ப இன்னும் ரெண்டு தப்பு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் திரையில் ஒரு வயதான மனிதர் ரயிலில் தூங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு தப்பு போட்டேன். கயல் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று தோளில் கை வைத்தாள். வெயிலில் வந்த கை, சூடாக இருந்தது.

தேர்விலேயே மிகச் சுலபமான கேள்வி அப்போது வந்தது. பின்னால் நிற்பவள் இவனுக்கு வேண்டுமா? கூற்றுகள் இல்லை. விருப்பங்களும் இரண்டே இரண்டு.

"சரியாப் போட்டா நீ மறுபடி பொள்ளாச்சிக்குப் போயிருவே," என்றேன்.

"தெரியும்."

"தப்பாப் போட்டா இங்கயே இருப்பே."

"இருந்து?" என்றாள். "நீங்க எதை அழுத்தறீங்கன்னு பாத்துட்டுதான நிக்கறேன்."

இன்னும் ஒன்பது வினாடிதான் மீதி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வேண்டும் என்பதை அழுத்தினேன். தோளில் இருந்த கை இல்லை.

அடுத்த கேள்வியில் கயல் பொள்ளாச்சியில் இருந்தாள். திரும்பி வருவாளா என்று கேட்டிருந்தார்கள். ஒரே ஒரு கூற்றுதான் கொடுத்திருந்தார்கள்: வேண்டும் என்று அவன் சொன்னதை அவள் பார்த்தாள்.

இருதயமேரி குனிந்து அதை மெதுவாகப் படித்தார். தேர்வு எழுதுபவர்களுக்கு அவர் உதவக் கூடாது. சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டார்.

"போதுங்க," என்றார்.