கடைவாய்க்காலுக்குத் தண்ணீர்

"வழுக்கி விழுந்தவரோ, இல்லாட்டி ஆரும் தள்ளிவிட்டவையோ?"

மரண விசாரணை அதிகாரி பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்தபடி கேட்டார். சிவகரன் தகப்பனின் உடல் கிடந்த அறைப் பக்கம் திரும்பினான். பிணவறைக்கு முன்னால் கிடந்த நீட்டு மர வாங்கில் அவனுக்குப் பக்கத்தில் பொன்னையா இருந்தார். கடைவாய்க்கால் கமக்காரர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். விடிந்ததிலிருந்து அவனை விட்டு அகலாதவர், இப்போது அவனுடைய முழங்காலில் மெல்லத் தட்டினார்.

"அப்பா வழுக்கித்தான் விழுந்தவர், ஐயா. குளக்கட்டில மீன் பிடிச்சுக்கொண்டிருந்தவர்."

"அறுபத்தி மூண்டு வயசில மீன் பிடியோ? தொழிலோ?"

"இல்லை ஐயா. பொழுதுபோக்குக்கு."

அதிகாரி எழுதினார். சிவகரன் அவர் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தான்.

பொழுதுபோக்கு என்பது உண்மை. கனடாவிலிருந்து வந்த மச்சான் ஒரு றீல் தூண்டிலைக் கொடுத்துவிட்டுப் போன நாள் முதல் கனகலிங்கத்துக்கு வயல் இரண்டாம்பட்சமாகிவிட்டது. கடைவாய்க்காலில் கிடந்த மூன்று ஏக்கரையும் மகன் சிவகரனிடம் விட்டுவிட்டு, காலைக் கஞ்சியோடு குளத்துக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார். பிடித்த மீனில் பாதியைத் திரும்பவும் தண்ணீருக்குள் விடுவார். "விக்கவும் மாட்டான், தின்னவும் மாட்டான், என்ன மனுசன் இவன்?" என்று ஊர் சிரித்தது.

இந்தக் கோடைச் சிறுபோகத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. குளத்தில் தண்ணீர் குறைவு. மேல்வாய்க்காலுக்கும் கடைவாய்க்காலுக்கும் முறை வைத்து விடுவது என்று கூட்டத்தில் தீர்மானித்தார்கள். ஆனால் தண்ணீரைத் திறந்துவிடும் துருசுக் கதவின் பூட்டுத் திறப்பு மேல்வாய்க்கால்காரர் கையில் இருந்தது. பதினெட்டு நாட்களாகக் கீழே ஒரு சொட்டு வரவில்லை. கதிர் வரப்போகும் குடலைப் பருவத்து நெல் நின்றபடியே வெளிறியது. கனகலிங்கமோ அதே துருசுக் கட்டின் மேல், மேல்வாய்க்கால் காவல்காரனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டு தூண்டில் எறிந்தார். சொந்தச் சனமே அவரோடு கதைப்பதை நிறுத்தியது. "மீனுக்கு மேலென்ன, கீழென்ன?" என்று அவர் கேட்டது மட்டும் ஊர் முழுக்கப் பரவியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் காவல்காரன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, சிவகரன் இரும்பு அலவாங்கோடு குளக்கட்டில் ஏறினான். பூட்டை உடைத்துக் கதவைத் தூக்கினான். தண்ணீர் இரைந்துகொண்டு வாய்க்காலில் விழுந்தது. பத்தடி தள்ளி இருந்த தகப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டேய், மீன் கலையப் போகுது."

"கலையட்டும். மனுசர் சாகக் கிடக்க உங்களுக்கு மீன்."

கனகலிங்கம் றீலை ஒருதரம் சுற்றினார். பிறகு சொன்னார்: "போறதெண்டால் கெதியாப் போ. அவன் சாப்பிட்டிட்டு வந்திடுவான்."

சிவகரன் அலவாங்கை அங்கேயே போட்டுவிட்டு, தண்ணீரோடு போட்டி போட்டுச் சைக்கிளை மிதித்தான். அவனுடைய வயலுக்கு இரண்டு வயல் முன்னால் தண்ணீர் மெலிந்தது. பிறகு நின்றது.

அன்று பின்னேரம் தகப்பன் தானாகவே நடந்து வீட்டுக்கு வந்தார். தலை இடிக்கிறது என்று சொல்லித் தேத்தண்ணி குடித்தார். இரவு குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தார். புதன் முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரே ஒருமுறை கண்ணைத் திறந்து, "தண்ணி எவடம் மட்டும் வந்தது?" என்று கேட்டார்.

"எங்கட வயலுக்கு வந்திட்டுது, அப்பா."

அவர் தலையசைத்தார். வியாழன் விடியுமுன் முடிந்துவிட்டது.

நடந்ததை எல்லாம் பிணவறை வாசலில் பொன்னையாதான் சொன்னார். மேல்வாய்க்கால் பிரதாபன் நாலு பேரோடு வந்து, ஆர் திறந்தது என்று கேட்டானாம். கனகலிங்கம் றீலைச் சுற்றிக்கொண்டே, "நான்தான் திறந்தனான்" என்றாராம். பிரதாபன் கன்னத்தைப் பொத்தி அடித்திருக்கிறான். துருசின் கொங்கிறீற்றுப் படியில் தலை பட்டிருக்கிறது.

"பொலிசுக்குப் போனால் வழக்கு அஞ்சு வருசம் இழுபடும், தம்பி. போகாட்டி நாளைக்கே தண்ணி விடுறாங்களாம். அறுபது குடும்பம். யோசி." பொன்னையா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "அந்த அலவாங்கு ஆரின்ர எண்டும் அவங்களுக்குத் தெரியும்."

சிவகரன் யோசித்தது அதிகாரி வந்து பேனாவைத் திறக்கும் வரைக்கும்தான்.

வெள்ளிக்கிழமை காலை முற்றத்துப் பந்தலில் உடல் கிடந்தது. கடைவாய்க்கால் சனம் அத்தனையும் வந்திருந்தது. இரண்டு கிழமையாக அவரோடு கதைக்காதவர்கள், "என்ன மாதிரி மனுசன்!" என்று மூக்கைச் சிந்தினார்கள். கதிரைகள் போதாமல் இளந்தாரிகள் வேலியோரம் நின்றார்கள். ஓமந்தையில் கட்டிக் கொடுத்த தமக்கை தாட்சாயினி தகப்பனின் காலடியில் இருந்தாள். வந்ததிலிருந்து அவள் தம்பியோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பதினொரு மணிபோல் வேலிப் படலையில் பெரியதொரு மலர்மாலை தெரிந்தது. அதற்குப் பின்னால் பிரதாபன் வந்தான். பறை ஒரு கணம் தடுமாறி, பிறகு அடங்கிப்போனது. சனம் வழி விட்டது. அவன் குனிந்து மாலையை நெஞ்சில் வைத்து, கைகூப்பி நின்றான். சிவகரன் தன் கைகளைப் பார்த்தான். அவை தர்ப்பையும் ஈரமுமாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

தலைமாட்டில் இருந்த தாய் கமலாசனி நிமிர்ந்தாள். அழுது கரகரத்த தொண்டை. ஆனாலும் சொல் தெளிவாக வந்தது.

"தம்பி, எத்தினை நாளைக்குத் தண்ணி விடுவியள்?"

பொன்னையா செருமினார். பிரதாபனின் முகம் கறுத்தது.

"ரெண்டு நாளைக்கு எண்டுதான் கதைச்சதம்மா."

"ரெண்டு காணாது. கடைசி வயலுக்கு வந்து சேரவே ஒரு நாள் போயிடும்." அவள் புருசனின் நெற்றியிலிருந்த ஈ ஒன்றைக் கையால் விலக்கினாள். "நாலாய் விடுங்கோ."

பிரதாபன் பொன்னையாவைப் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்துத் தலையாட்டினான்.

"சரி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்றாள் அவள்.

கிரியைக்குச் சுண்ணம் இடித்துக்கொண்டிருக்கும்போது ஒழுங்கை முகப்பில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் இறங்கவேயில்லை.

"தண்ணி வந்திட்டுது!"

முதலில் வேலியோரத்து இளந்தாரிகள் மறைந்தார்கள். பிறகு பின்வரிசைக் கதிரைகள். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல, ஒவ்வொருவராகச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார்கள். சிலர் போகும்போது உடலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்கள். சிலர் அதுவும் இல்லை. பறை அடித்தவர்களில் ஒருவனுக்கும் அரை ஏக்கர் இருந்தது. அவன் பறையை மற்றவனிடம் கொடுத்துவிட்டு ஓடினான்.

"கோவிக்காத தம்பி. பதினெட்டு நாள்," என்று பொன்னையா சிவகரனின் காதுக்குள் சொன்னார். சொன்னவரையும் பிறகு காணவில்லை.

வாய்க்கரிசி போடும்போது பந்தலில் பெண்களும் ஐந்தாறு கிழவர்களும்தான் மிஞ்சியிருந்தார்கள். பாடை தூக்க ஆள் போதவில்லை. பக்கத்து வீட்டு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சுடலைப் பாதை வாய்க்காலோரமாகவே போனது. வாய்க்கால் கரை தட்ட ஓடியது. வயல்களில் குனிந்து மண் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், பெட்டி கடக்கும்போது மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஒருதரம் நிமிர்ந்தார்கள்.

கொள்ளி வைத்து முடித்த சிவகரன் திரும்பிப் பாராமல் வந்தான். யாரோ வயலுக்குள் நின்று கூப்பிட்டார்கள்.

"சிவகரன்! உன்ர மேல்வரம்பு உடையப் போகுதடா!"

அவன் வீட்டுக்குப் போகாமல் வரம்பில் இறங்கினான். அவனுடைய வயலின் வாயை யாரோ ஏற்கனவே வெட்டிவிட்டிருந்தார்கள். உள்ளே தாட்சாயினி நின்றாள். செத்தவீட்டுச் சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, சேற்றில் புதைந்தபடி நின்றாள்.

"எரிஞ்சு முடிஞ்சுதோ?" அவள் அவனைப் பார்க்கவில்லை.

"இல்லை அக்கா. இப்பதான் பிடிச்சது."

அவள் மண்வெட்டியை அவன் பக்கம் நீட்டினாள். அவன் ஈர வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தான். வெடித்துக் கிடந்த நிலத்துக்குள் தண்ணீர் இறங்க இறங்க, வெடிப்புகளிலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாய் மேலே வந்து உடைந்தன.