மறுபடி வந்த தட்டு

கம்பெனியில் அவரைப் பத்தியம் என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் மாட்டுவதில் கைதேர்ந்தவர். இருபதாவது மாடியில், இருட்டுக் குழிக்குள் பெல்ட்டில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு கிண்ணம் குழம்பைக் கண்டால் நடுங்குவார். பதினோரு வருஷமாகக் குடலில் அழற்சி. "வீட்டுக் காவல்காரனே வீட்டு மேல கல்லெறியிற மாதிரி" என்று டாக்டர் விளக்கியிருந்தார். காரம், மிளகு, பால், பச்சைக் காய், விதை என்று எது உள்ளே போனாலும் மூன்று நாளைக்குக் கழிப்பறைதான் குடியிருப்பு. சில சமயம் ரத்தமும் போகும்.

அதனால் வெளியூர் வேலை என்றாலே நழுவிவிடுவார். இந்த முறை நழுவ முடியவில்லை. புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கட்டிலோடு ஏற்றுகிற லிஃப்ட் மாட்ட வேண்டும். வேறு ஆள் இல்லை.

"நான் கூட வர்றேன் அத்தான், எதுக்குக் கவலைப்படுறீங்க?" என்றான் மைத்துனன். மனைவியின் தம்பி, அதே கம்பெனியில் வயரிங் பார்க்கிறவன். ஊரையே வளைத்துப் போடுகிற வாய் அவனுக்கு. மனைவி விடியற்காலையில் எழுந்து சோறும் வேகவைத்த உருளைக்கிழங்கும் டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள்.

பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. வெயிலில் ஐந்து மணி நேரம். ஊர் போய்ச் சேர்ந்து டப்பாவைத் திறந்ததும் குப்பென்று புளித்த வாடை. மைத்துனன் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்துக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்தான்.

"வெறும் தண்ணி குடிச்சுச் சமாளிச்சுக்கிறேன்டா."

"சமாளிச்சு மயக்கம் போட்டு, அதே ஆஸ்பத்திரியில நீங்களே முதல் ஆளா படுக்கப் போறீங்களா? வாங்க."

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. மதிய நேரம், உட்கார இடமில்லாத கூட்டம். பத்தியம் கூசிக் குறுகி நின்றார். கடைகளில் அவர் பட்டது கொஞ்சமா? "கொஞ்சம்தான் சார் காரம்" என்று சொல்லி ஆளைக் கவிழ்த்தவர்கள் உண்டு. "இதெல்லாம் மனசுதான்" என்று வைத்தியம் சொன்னவர்களும் உண்டு. பரிமாறுகிறவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் பாதி கேட்டுவிட்டு உள்ளே போனார்.

உள்ளேயிருந்து சமையல்காரம்மாவே வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும். கனத்த உடம்பு, முழங்கைவரை ஈரம். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க தம்பி. எதெல்லாம் ஆகாது?"

அவர் சொன்னார். அந்தம்மா முழுவதையும் கேட்டார். கடைசியில், "எண்ணெய்?" என்றார். "கேரட்டைக் குழைய வேகவெச்சா ஒத்துக்குமா? மீன்? முட்டை?" ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு எழுந்தார். "கண்ணால பாத்தாத்தான் நம்பிக்கை வரும். வாசல்ல வந்து நில்லுங்க."

பத்தியம் சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். ஆறு அடுப்பு திகுதிகுவென்று எரிகிறது, ஏழெட்டுப் பேர் ஓடுகிறார்கள், ஒருவர் மேல் ஒருவர் இடிக்கவில்லை. அந்தம்மா ஓர் அடுப்பைக் காலி செய்தார். சட்டியைத் தேய்த்தார், கத்தியைத் தேய்த்தார், பலகையைத் தேய்த்தார், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். கேரட்டும் மீனும் ஆவியில் வெந்தன. சோறு குழைந்தது. உப்பை மட்டும் விரல் நுனியால் போட்டார்.

மேஜைக்குத் தட்டு வந்தது. பரிமாறுகிறவர், பழக்கதோஷம், மீன்மேல் கொஞ்சம் மிளகுத்தூள் தூவியிருந்தார்.

பத்தியம் பார்த்தார். மைத்துனன் பார்த்தான். "பரவாயில்ல, ஒதுக்கிட்டுச் சாப்பிடுறேன்" என்று மெதுவாகச் சொன்னார் பத்தியம். அவருக்குப் பழக்கம்தான்.

"எனக்குப் பரவாயில்லன்னு யார் சொன்னா?" அந்தம்மா பின்னாலேயே வந்திருந்தார். தட்டைத் தூக்கினார். பரிமாறுகிறவரைத் திட்டவில்லை, அவர் முகத்தைப் பார்த்து, "தூவாதீங்கன்னு உங்ககிட்டச் சொல்ல மறந்தது என் தப்பு" என்று மட்டும் சொன்னார். பிறகு கடை முழுக்கக் கேட்கிற குரலில், "எல்லாருக்கும் இன்னும் பத்து நிமிஷம் ஆகும். ஒருத்தருக்கு மறுபடி சமைக்கணும்" என்றார்.

ஒரு மூலையில் முணுமுணுப்பு எழுந்தது. "பசிக்குதும்மா" என்றார் ஒருவர். "அவருக்குந்தான் பசிக்குது" என்றார் அந்தம்மா, போகிற போக்கில்.

மறுபடி சட்டி தேய்க்கிற சத்தம். மறுபடி கத்தி, மறுபடி பலகை. முதலிலிருந்து. பத்தியம் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பதினோரு வருஷமாகப் போன இடமெல்லாம் தொந்தரவாகவே இருந்து பழகியவர். இப்போது நாற்பது பேர் பசியோடு காத்திருக்க, ஒரு சமையலறையே அவர் ஒருவரின் வயிற்றுக்காகத் திரும்பி நிற்கிறது. பெரிய அருவிக்குப் பக்கத்தில் நிற்கும்போது நெஞ்சுக்குள் ஒரு அதிர்வு வருமே, அப்படி இருந்தது.

இரண்டாவது தட்டை அந்தம்மாவே கொண்டுவந்து வைத்தார்.

முதல் வாய் எடுத்தார். வெறும் உப்பும் மீனும்தான். கண்ணீர் தட்டில் விழுந்தது.

"அய்யோ, காரமா?" என்று பதறினார் பரிமாறுகிறவர்.

"இல்லீங்க, அவருக்கு ருசி வந்தா அப்படித்தான்" என்றான் மைத்துனன்.

சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் வயிற்றைக் காவல் காத்தார். இடப்பக்கம் லேசாக ஒரு பிடிப்பு வந்தது. மூச்சை அடக்கினார். அது மெல்லக் கலைந்து போனது. பிறகு அமைதி.

ஒன்பது நாள் வேலை. ஒன்பது நாளும் அதே கடை. ஒரே ஒரு நாள் உடம்பு சோர்ந்து படுத்தார். அன்று அந்தம்மா மைத்துனன் கையில் கஞ்சி கொடுத்தனுப்பினார், கேட்காமலே.

அந்த முதல் நாள் சாயங்காலமே மனைவி போன் செய்திருந்தாள். டப்பா கெட்டுப்போன கதை தெரிந்ததும் பதறிப்போனாள். "வெளியிலயா சாப்பிட்டீங்க? யார் சமைச்சாங்க?"

"ஒரு அக்கா" என்றார். அதற்கு மேல் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. "நீ ஒருதடவை வந்து பாக்கணும்டி. அந்த அக்கா சட்டி கழுவுறதைப் பாக்கணும்."