ஆறினால் கெட்டி

உலகத்தில் மதிப்புள்ளவை எல்லாம் கெட்டியானவை. நீர்த்துப்போனதை நாகரிகம் ஒருநாளும் நம்பியதில்லை. ஆய்வகத் தலைவர் இதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். அவர் உருவாக்கிய துணி மென்மையாக்கி மட்டும் பாட்டிலைச் சாய்த்தால் குழாய்த் தண்ணீராய் ஓடும். மூடியில் அளப்பதற்குள் பாதி முழங்கைக்குப் போய்விடுகிறது என்று வாங்கினவர்கள் திட்டினார்கள்.

அதைக் கெட்டியாக்கும் வேலையை முதலாளி இவரிடம் தராமல் சகலையிடம் தந்துவிட்டார். மனைவியின் தங்கை புருஷன். சும்மா இருந்தவனைச் சிபாரிசு செய்து ஆய்வகத்துக்குள் நுழைத்ததே இவர்தான். அவன் செல்லுலோஸ் ஈதர் என்று ஒரு வெள்ளைப் பொடியை வரவழைத்தான். இவர் அதை மாவு என்றே சொல்லிவந்தார். முதல் சோதனைகளில் பொடி பச்சைத்தண்ணீரில் திரண்டு கட்டி கட்டியாக நின்றபோது இவருக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. ஆனால் விற்க முடியாத அந்தக் கட்டி மென்மையாக்கிப் பாட்டில்கள் சகலை வீட்டுக்குப் போயின. போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போனபோது இவர் மனைவி, தங்கை துவைத்த துண்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு எடுக்க மனமில்லாமல் நின்றாள். இவர் கொண்டுவந்து கொடுத்த எதிலும் அந்தக் கன்னம் அப்படிச் சாய்ந்ததில்லை. மென்மைக்கும் மாவுக்கும் சம்பந்தமே இல்லை, தங்கைக்காரி ரெண்டு மூடி கூட ஊற்றியிருப்பாள் என்று வழியெல்லாம் விளக்கினார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இந்த முறை சகலை பீக்கரில் கொதித்த நீரில் பொடியைத் தூவி, மென்மையாக்கியைச் சேர்த்து இறக்கிவைத்தான். தலைவர் எட்டிப்பார்த்தார். தண்ணீர். நேரே போய் முதலாளியை அழைத்துவந்தார். ஆறினதும் பார்க்கலாமே என்று சகலை கேட்டுக்கொண்டான். ஆற அமரப் பார்க்கிற பொறுமை இவருக்கு இல்லை, அதுவும் அடுத்தவன் தோல்வியை.

"பாருங்க சார், வெறும் தண்ணி," என்று கண்ணாடிக் கம்பியால் கலக்கிக் காட்டினார். கலக்கியபடியே அனுபவத்தின் அருமைக்குப் போனார். அங்கிருந்து இன்றைய தலைமுறையின் அவசரத்துக்கு வந்தார். முதலாளி ரெண்டாவது டீயையும் முடித்தார். மேலே ஃபேன் சுற்றியது. கம்பி கனக்க ஆரம்பித்தது. வயசாகிறது என்று நினைத்து, யாரும் கவனித்துவிடக் கூடாதே என்று இன்னும் வேகமாகக் கலக்கினார்.

"அந்தக் கம்பிய எடுங்க," என்றார் முதலாளி.

நுனியிலிருந்து மென்மையாக்கி அறுபடாமல், பட்டுநூல் மாதிரி இறங்கியது.

"சூட்டுல இந்தப் பொடி கரையாது சார். ஆற ஆறத்தான் கெட்டியாகும்," என்றான் சகலை. "ஆறுற வரைக்கும் யாராவது கலக்கிக்கிட்டே இருக்கணும். நல்லவேளை, அண்ணா இருந்தாங்க."

"கெட்டிக்காரன்யா நீ," என்றார் முதலாளி. நாளைக்கே பெரிய தொட்டியில் போடச் சொன்னார். அந்தக் 'கெட்டி'யில் தனக்கும் ஒரு பங்கு வருமா என்று தலைவர் நின்று பார்த்தார். வரவில்லை. அவருடைய வலது சட்டைக் கை பீக்கருக்குள் தோய்ந்துகிடந்ததைத்தான் சகலை சுட்டிக்காட்டினான்.

வெறும் தண்ணீரில் அலசிக் காய்ந்த சட்டையை மடிக்கும்போது மனைவி நின்றாள். வலது கையின் நுனியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"என்னங்க, இந்தக் கை மட்டும் எப்படி இவ்வளவு மெத்துனு இருக்கு?"

"புது ஃபார்முலா," என்றார். யாருடையது என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாள் தொட்டியில் இடது சட்டைக் கையை நனைத்துக்கொண்டு வந்தார்.