கூட்டைக் கலைக்கவா?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப்போகவில்லை. என் கைப்பேசியிலேயே கிடந்தது.

தேன்கூடு என்று ஒரு விளையாட்டு. திரையில் ஒரு கூடு இருக்கும். விரலால் தட்டினால் ஒரு துளி தேன். பத்துத் துளி சேர்ந்தால் ஒரு தேனீ வாங்கலாம். அது தன் பாட்டுக்குச் சேர்க்கத் தொடங்கும். தேனீ பெருகப் பெருக உங்கள் விரலுக்கு வேலை குறையும். கடைசியில் நீங்கள் வேண்டவே வேண்டாம். காலையில் திறந்தால், "நீங்கள் இல்லாதபோது உங்கள் தேனீக்கள் இரண்டு கோடித் துளி சேர்த்தன" என்று ஒரு வரி வரும். நான் இல்லாதபோது எனக்காக நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

அதில் ஒரு நண்பர் பட்டியல் உண்டு. என் பட்டியலில் 'கொக்கு' என்று ஒருவர் இருக்கிறார். யாரென்று தெரியாது. எப்போது சேர்த்தேன் என்றும் நினைவில்லை. ஆனால் அவர் தேன் ஏறிக்கொண்டே இருக்கிறது. போன வாரம் பால் காய்ச்சிக்கொண்டே அதைப் பார்த்தபோது சட்டென்று ஒன்று தோன்றியது: இந்தக் கொக்கு உயிரோடுதான் இருக்கிறாரா? ஆள் இல்லாவிட்டாலும் ஏறுமே இந்த எண்!

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. வழியட்டும். எனக்குக் கதை கிடைத்துவிட்டது!

2

தொடக்கங்கள்:

"மேகங்களுக்கு நடுவே, தனிமையின் உச்சியில் அவன்..." வேண்டாம். கிரேன் ஓட்டுபவனுக்கு உச்சி என்பது தினமும் போய்வரும் வேலையிடம்.

"மனித வாழ்வே ஒரு மாபெரும்..." ஐயோ, போதும்.

அக்கா கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். தம்பி கட்டட வேலையிடத்தில் கிரேன் ஓட்டுபவன். இருவருக்கும் வேறு யாரும் இல்லை.

இதை வைத்துக்கொள்கிறேன்.

விளையாட்டை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது தம்பிதான். கீழே சுமையைக் கட்டி முடிக்கும்வரை மேலே கூண்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போது பிடித்துக்கொண்ட பழக்கம். ஆள் ஒட்டடைக் கம்பு மாதிரி இருப்பதால் பட்டியலில் தனக்குக் 'கொக்கு' என்று பெயர் வைத்துக்கொண்டான். குளிக்கப் போனால் முக்கால் மணி நேரம் எடுக்கும் அக்காவுக்கு 'ஆமை'.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். விளையாட்டின் மூலையில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு: 'கூட்டைக் கலைக்கவா?' அழுத்தினால் தேன், தேனீ எல்லாம் போய்ப் பூஜ்யம். ராணி மட்டும் மிஞ்சும். அடுத்த முறை வாங்கும் தேனீக்கள் இரண்டு மடங்கு வேகமாகச் சேர்க்கும். ஒருவர் கலைத்தால், பட்டியலில் உள்ள எல்லோர் கைப்பேசியிலும் மணி அடித்து ஒரு வரி வரும். அந்த விளையாட்டுக்குள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்ப வேறு வழியே கிடையாது.

தம்பி மாதத்துக்கு ஒருமுறை கலைப்பான். அக்கா மூன்று வருடமாகத் தொட்டதில்லை.

"கலைச்சுடுக்கா. கலைச்சாத்தான் வேகமா வளரும்."

"போடா. உனக்கென்ன, கை அரிக்குது. நான் துளித் துளியா சேர்த்தது."

3

கிரேன் ஓட்டுபவர்களுக்கு வருடம் ஒருமுறை கண் பரிசோதனை. தம்பி வழக்கம்போல அக்காவின் கடைக்கே வந்தான். மோவாயை மெஷினில் வைத்துக்கொண்டு அவளுடைய புதுச் செருப்பைக் கிண்டல் செய்தான். வலது கண் பழுதில்லை. இடது கண்ணில் அழுத்தம் ஏறி, பக்கப் பார்வை பாதி போயிருந்தது. தினமும் மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். விடாவிட்டால் அதுவும் போகும்.

"நல்லாருக்குன்னு எழுதிடுக்கா. ஒரு வருஷம் மட்டும்."

"கீழ ஆளுங்க நிக்கிறாங்கடா."

"எனக்குத் தெரியாதா? அந்தக் கூண்டுல ஒவ்வொரு கம்பியும் எனக்குத் தெரியும்."

அவள் உள்ளதை எழுதினாள். அவனுக்கு வேலை போயிற்று. "எனக்கு அக்கான்னு ஒருத்தி இல்ல" என்று சொல்லிவிட்டு ஊரைவிட்டே போனான். கைப்பேசி எண்ணையும் மாற்றினான். பட்டியலிலிருந்து மட்டும் அவளை நீக்கவில்லை. மறந்தானோ, மனசு வரவில்லையோ.

[இங்கே இரண்டு நாள் நின்றுவிட்டேன். இந்த அக்காவை எனக்குப் பிடிக்கவில்லை. தராசு மாதிரி ஒரு பொம்பளை. பிறகு ஒரு வரி சேர்த்தேன்: அவள் முதலில் 'பார்வை சரி' என்றுதான் எழுதினாள், கையெழுத்தும் போட்டாள், அவன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது கிழித்தாள். இப்போது அவளோடு ஒரே அறையில் என்னால் உட்கார முடிகிறது.]

4

பத்து மாதம் ஓடியது. தினமும் கடை திறந்ததும் அவள் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான். கொக்கின் தேன் ஏறியிருக்கும். அப்பாடா என்று இருக்கும். அதற்குப் பிறகுதான் மற்றவர்களை முகம் பார்த்துப் பேசுவாள்.

(இந்த விளையாட்டில் என்னதான் இருக்கிறது என்று என் மனைவி கேட்கிறாள். இறங்காத எண் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்! எடை இறங்குகிறது, முடி இறங்குகிறது, சட்டைக் காலர்கூடத் தேய்கிறது. இது மட்டும் ஏறுகிறது. எரிச்சலும் உண்டு. அடுத்த தேனீ எப்போதும் கையில் இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகம் கேட்கும். விளம்பரம் பார்த்தால் கொஞ்சம் தரும். அதை வாங்கினால் அதற்கடுத்தது பல்லைக் காட்டும். எறிந்துவிடலாம் என்று தோன்றும். எறிந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.)

கடையில் பிரேம் மாட்டுபவர் ஒருவர் உண்டு. வாய் சும்மா இருக்காது.

"என்ன மேடம், காலையிலயே சிரிப்பு?"

"தம்பி நல்லாருக்கான். நேத்து ஒரு நாள்ல நாப்பது கோடி ஏறியிருக்கு."

"ஆள் இல்லாட்டியும் ஏறுமே அது? எம் பையன் போனைத் தொலைச்சுட்டு நாலு நாள் கழிச்சுக் கண்டுபிடிச்சான். அதுபாட்டுக்குச் சேர்த்து வெச்சிருந்துச்சு."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. ஊரார் கண்ணையெல்லாம் சோதிப்பவள், தன் மூக்குக்கு முன்னால் இருந்ததைப் பார்க்கவில்லை: மாதாமாதம் கலைப்பவன் பத்து மாதமாக ஒருமுறைகூடக் கலைக்கவில்லை.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'ஒரு நாள் சேர்ப்பு' என்று ஒரு சிறிய எண் இருக்கும். ஒரே ஒரு தேனீ வாங்கினாலும் அது மாறும். அன்று முதல் அதைக் கடைச் சீட்டின் பின்பக்கம் குறித்தாள். பதினோரு நாள் குறித்தாள். பதினோரு நாளும் அதே எண். கடைசி இலக்கம்கூட மாறவில்லை. அந்தக் கூட்டில் யார் கையும் படவில்லை.

பழைய வேலையிடத்துக்குப் போன் செய்தாள். "அவன் போயி ரொம்ப நாளாச்சும்மா. எங்கன்னு ஒருத்தருக்கும் தெரியல." அவள் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பயமாக இருந்தது. அவளுக்கு அப்படியொரு பயம் அதுவரை வந்ததில்லை.

5

இனி என்ன செய்வாள்? அவளைப் போலீசுக்கு அனுப்பினேன். அங்கே ஒருவர் படிவம் கொடுத்தார், கதை கொட்டாவி விட்டது. அடித்துவிட்டேன். கனவில் தம்பியை வரவழைத்து... வெட்கமாக இருக்கிறது, அதை உங்களுக்குக் காட்ட மாட்டேன்.

பிறகு நேற்று முற்பகல், சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்திருந்த நேரத்தில், வந்துவிட்டது! அந்தச் சிவப்புப் பொத்தான்! அவளுக்குத் தெரிந்து அவன் காதில் விழக்கூடிய ஒரே மணி அதுதானே! மற்றொரு கை இன்னும் சட்டைக்குள் போகவில்லை, அப்படியே உட்கார்ந்து எழுதினேன்:

மதியம் பன்னிரண்டரை. வாடிக்கையாளர் ஒருவர் மெஷினில் மோவாயை வைத்துக் காத்திருந்தார். அக்கா கைப்பேசியை எடுத்தாள். எழுபத்து நான்காயிரம் கோடித் துளி. 'கூட்டைக் கலைக்கவா?' ஆம். 'நிச்சயமாகவா?' மூன்று வருடம். தம்பிக்கு எதிராக அவள் ஜெயித்துவைத்திருந்த ஒரே ஆட்டம்.

"மேடம், ஆடாம இருக்கணுமா இன்னும்?"

"ஒரு நிமிஷம்" என்றாள். அழுத்தினாள்.

ஆமை: 0.

6

மூன்று முடிவுகள் கைவசம் இருந்தன. ஒன்று, எதுவும் நடக்கவில்லை, கொக்கின் எண் தன் பாட்டுக்கு ஏறுகிறது. விமர்சகர்களுக்குப் பிடிக்கும். இரண்டு, பத்து வருடம் கழித்து ஒரு மழை நாளில்... போங்கய்யா. மூன்றாவதைத்தான் எழுதப்போகிறேன், யார் என்ன சொன்னாலும் சரி.

நாலு மணி பத்து நிமிடம். மணி அடித்தது.

'கொக்கு கூட்டைக் கலைத்தது.'

அவள் கத்திய கத்தலில் பிரேம் மாட்டுபவர் திருகாணியைத் தவறவிட்டார். "பூஜ்யம்! பூஜ்யமாயிட்டான்!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அதுக்கா மேடம் சந்தோஷம்?"

"கை இருக்குய்யா! அழுத்தறதுக்குக் கை இருக்கு!"

எழுதும்போது நானும் கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

இன்னும் இருக்கிறது. இப்போது இருவரிடமும் ஒரு தேனீகூட இல்லை. தானாக எதுவும் ஏறாது. ஏறினால் அது விரல்தான். அவள் ஒரு தட்டுத் தட்டினாள். ஆமை: 1. திரையையே பார்த்தாள்.

கொக்கு: 1.

இரண்டு தட்டினாள். ஆமை: 3. கொஞ்ச நேரம் ஆயிற்று. கொக்கு: 2. இன்னும் கொஞ்ச நேரம். கொக்கு: 3.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலும் தட்டினாள். அவனும் தட்டினான். ஒன்பதில் இருவரும் நின்றார்கள். இன்னும் ஒன்று சேர்ந்தால் தேனீ வாங்கலாம். வாங்கினால் எண் மறுபடி தானாக ஓடத் தொடங்கிவிடும். அவள் வாங்குவதாக இல்லை. அவனும் பத்தாவதைத் தட்டவில்லை.

அப்போது கைப்பேசி அடித்தது. தெரியாத எண்.

7

எடுப்பாள், அதில் சந்தேகமில்லை. முதலில் பேசுவது யார் என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். அவள் "மருந்து விடறியா?" என்று கேட்டால் பழைய சண்டை மறுபடி கிளம்பும். அவன் "கடைசில கலைச்சுட்டியேக்கா" என்று சிரித்தால் எனக்கே நம்ப ஆசையாக இருக்கிறது. நான்கு முறை எழுதி நான்கு முறையும் அடித்தேன். இதற்கு மேல் என் கை போகவில்லை. கைப்பேசி அடித்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.

எனக்கு வேறு வேலை இருக்கிறது. இந்தப் பக்கத்தை முடித்த கையோடு என் கூட்டைக் கலைத்துவிட்டேன். நான்கு வருடத் தேன். மனைவி நம்பவில்லை, கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். என் பட்டியலில் உள்ள அந்த நிஜக் கொக்கின் எண் இன்னும் தானாக ஏறிக்கொண்டிருக்கிறது. நான் காத்திருக்கிறேன்.

ஒருவேளை அந்தக் கொக்கு நீங்களாக இருந்தால், ஒரே ஒருமுறை கலையுங்கள். வேறொன்றும் சொல்ல வேண்டாம்.