ஒன்று மட்டும் வேறு

மூக்கை நம்பிச் சோறு தின்கிறவள் நான். பீர் ஆலையில் ருசி பார்க்கும் வேலை. "குடிக்கிறதுக்குச் சம்பளமா, கொடுத்துவெச்சவ" என்று ஆளாளுக்குச் சிரிப்பார்கள். ஒரு மடக்கை நாக்கில் உருட்டி, விழுங்கிய பிறகு கசப்பு தொண்டையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனித்து, வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிற பிழைப்பு இது. அதை விளக்கப் போனால் காது கொடுத்துக் கேட்க ஆள் இருக்காது.

போன மாதம் சளி பிடித்தது. சளி போய்விட்டது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டதோ என்று சந்தேகம். காலையில் சோப்பு மணக்கும். மத்தியானம் அதே சோப்பு வெறும் கட்டி. இந்தக் குழப்பத்தில், கெட்டுப்போன டேங்க் ஒன்றைப் பிரமாதம் என்று சொல்லித் தொலைத்தேன். அதிலிருந்து முதலாளியம்மா என்னைப் பார்க்கும் பார்வையே சரியில்லை.

இன்று காலை அவர் முன்னிலையில் எனக்குச் சோதனை. எங்கள் பேல் ஏல் என்கிற பீர் தங்க நிறத்தில் இருக்கும், ஹாப்ஸ் பூவைத் தாராளமாகப் போட்டுக் காய்ச்சியது. கசப்பும் மணமும் அந்தப் பூ கொடுப்பதுதான். பழைய டேங்கில் வழக்கமான பூ. புது டேங்கில் நானே பொறுக்கியெடுத்த வேறு ரகம். ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் தெறிக்குமே, அந்த வாசனை. மூன்று கிளாஸில் இரண்டு ஒரே டேங்க், ஒன்று மட்டும் வேறு. அந்த ஒன்றை நான் முன்னால் தள்ள வேண்டும். சரியாகத் தள்ளினால் வேலை இருக்கும். தவறினால் லேபிள் ஒட்டும் அறைக்கு மாற்றல்.

பீர் காய்ச்சுவது என் தம்பி. தட்டைத் தூக்கி வந்ததும் அவன்தான். கிளாஸ்களின் அடியில் சிவப்பு, மஞ்சள், பச்சை ரப்பர் வளையங்கள். என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டு ஓரமாக நின்றான்.

"நிதானமா பாருங்க" என்றார் முதலாளியம்மா. யாராவது நிதானம் என்றாலே எனக்குப் படபடப்பு வந்துவிடும்.

நுரை மூன்றிலும் ஒரே மாதிரி நின்றது. நிறத்திலும் வித்தியாசமில்லை. சிவப்பை முகர்ந்தேன். ஏதோ மணம் இருந்தது, அடுத்த வீட்டில் யாரோ பேசுவது போல. என்ன பேசுகிறார்கள் என்று விளங்கவில்லை. மஞ்சளும் அதே. பச்சையும் அதே. குடித்துப் பார்த்தேன், கொப்பளித்தேன், வரிசையை மாற்றிக் குடித்தேன். மூன்றும் ஒன்றுதான் என்று நாக்கு சாதித்தது. ஆனால் ஒன்று வேறாக இருந்தே ஆக வேண்டுமே!

கண்ணை மூடிக்கொண்டு மஞ்சளைத் தள்ளினேன். "இதுல கசப்பு அடித்தொண்டையில நிக்குது" என்று வாய் தன்பாட்டுக்கு அளந்தது.

"சரிதான்க்கா!" என்றான் தம்பி. நான் முடிக்கக்கூட விடவில்லை.

முதலாளியம்மா முகம் மலர்ந்தது. "நான்தான் வீணா பயந்துட்டேன். உங்க வேலையை நீங்களே தொடர்ந்து பாருங்க" என்று என் தோளைத் தட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெரியாமல் தள்ளியது எப்படிச் சரியானது? புது டேங்கிலிருந்து நேராகவே ஒரு வாய் பிடித்துப் பார்த்துவிடுவது என்று டேங்க் கூடத்துக்குப் போனேன். கழுவியதும் குழாய் வாயில் சுற்றி வைக்கிற பிளாஸ்டிக் தாள் நேற்றுச் சுற்றியபடியே இருந்தது. அதிலிருந்து இன்று ஒரு சொட்டுகூட யாரும் பிடிக்கவில்லை.

தம்பி பின்னாலேயே வந்து நின்றான்.

"மூணும் பழைய டேங்கா?"

தலையைக் குனிந்தான். "நீ எதைத் தள்ளினாலும் சரியா இருக்கட்டும்னுதான்க்கா."

"அடப்பாவி! அப்போ மூணும் ஒண்ணுன்னு நாக்கு சொன்னது நிஜமா? எனக்கு மூக்கு இருக்குடா!" குதிக்காத குறை. குதித்திருப்பேன், அதற்குள் இன்னொரு நினைப்பு வந்து காலைப் பிடித்துக்கொண்டது. மூக்கு செத்துப்போனவளுக்கும் மூன்றும் ஒன்றாகத்தானே இருக்கும்?

"இப்போ ஒழுங்கா ஊத்திக் கொண்டா" என்றேன்.

"வேண்டாம்க்கா. வேலைதான் நிலைச்சிருச்சே. எதுக்கு வம்பு?"

"எனக்குத் தெரியணும்டா. நாளைக்கு எந்த டேங்கை நல்லதுன்னு சொல்லப் போறேன், எந்தத் தைரியத்துல சொல்லப் போறேன்?"

முணுமுணுத்துக்கொண்டே தாளைப் பிரித்தான். மறைவாக ஊற்றி, வரிசையைக் கலைத்துக் கொண்டுவந்தான். முகத்தில் எதையும் படித்துவிடக் கூடாது என்று அவனைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன்.

சிவப்பு அதே அடுத்த வீட்டுப் பேச்சு. மஞ்சளும் அப்படித்தான். பச்சையில் ஏதோ ஒன்று மெல்லிசாக மேலே வந்தது. ஆரஞ்சுத் தோலா? அல்லது அங்கே ஆரஞ்சு இருக்க வேண்டும் என்று எனக்கே தெரிந்திருப்பதால் மூளை பிழிந்து ஊற்றுகிறதா? மறுபடி முகர்ந்தேன். இருந்தது. இன்னொரு முறை முகர்ந்தால் இல்லை. பச்சையைத் தள்ளினேன்.

"திரும்பு. சரியா?"

திரும்பினான். கிளாஸைப் பார்த்தான், என் கண்ணைப் பார்த்தான்.

"சரிதான்க்கா!"

அதே குரல், அதே அவசரம். நிஜம்தானா, இதுவும் பாசமா? சின்ன வயதிலிருந்து அவன் சொல்லை நம்பித்தான் பழக்கம். காலையில் என்மேல் வைத்த இரக்கத்தில் அதையும் சேர்த்துக் கெடுத்துவிட்டான் பாவி. இனி அவன் எதைச் சத்தியம் செய்தாலும் எனக்கு இதே குழப்பம்தான்.

கிளாஸ்களைக் கழுவித் துடைத்துத் தட்டில் வைத்தேன்.

"அக்கா, எங்க போற? நான்தான் மாட்டிக்குவேன்."

"உன் பேரு என் வாயில வராது."

முதலாளியம்மா அறைக் கதவைத் தட்டினேன். அவர் நிமிர்ந்து தட்டிலிருந்த காலி கிளாஸ்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம், காலையில நான் தள்ளினது குருட்டாம்போக்குல தள்ளினது. எனக்கு வித்தியாசமே தெரியலை. இந்தத் தடவை நீங்களே வந்து ஊத்துங்க."