சும்மா சுத்துற சக்கரம்

பழைய பீங்கான் கம்பெனி இருந்த இடத்தில் டேட்டா சென்டர் வந்ததும் என் சமையலறை ஜன்னலுக்கு மறுபடி வேலை வந்தது. உள்ளே கம்ப்யூட்டர்கள் மட்டும்தானாம். ஆளில்லாத இடத்துக்கு எதற்கு அத்தனை ஏசி என்று கேட்டேன்.

"அதுங்களுக்குதான் ஆன்ட்டி வேர்க்கும்" என்றாள் துர்கா. பேக்கப் கரண்டைப் பார்த்துக்கொள்ளும் எஞ்சினியர் அவள். சென்னையை விட்டுச் சொந்த ஊருக்கு வந்தவள்.

டீசலை எரிக்கக் கூடாது என்று உள்ளே பெரிய இரும்புச் சக்கரம் ஒன்றை ஓயாமல் சுற்ற விட்டிருக்கிறார்கள். சுவிட்சை அணைத்த பிறகும் கிரைண்டர் கல் கொஞ்சம் சுற்றுமே, அந்த மாதிரி. கரண்ட் போனால், சாண எரிவாயு ஜெனரேட்டர் கிளம்பும்வரை அந்தச் சுற்றே கரண்ட் கொடுக்கும்.

போன செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்துவதாக இருந்தது. அப்போது சென்டர் தாங்குகிறதா என்று பார்க்கவே, அதில் இடம் எடுக்க இருந்த சென்னை கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு கம்ப்யூட்டர் அணைந்தாலும் ஒப்பந்தம் கிடையாது. துர்கா மறுபடி சென்னை ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

எட்டரைக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் குரல்: "சக்கரத்த யாரு நிறுத்துனது?"

"நாந்தான் மேடம்" என்றார் வாட்ச்மேன் கோவிந்தராசு, பெருமையாக. "ராவெல்லாம் சும்மா சுத்திக்கினு கெடந்துச்சு. மேல களிமண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல."

இருபது வருஷம் அதே இடத்தில் சக்கரத்தில் கப்பு செய்தவர். வெறும் சக்கரம் சுற்றினால் மேஸ்திரி கத்துவார் என்ற பயம் இன்னும் கையில் இருக்கிறது.

"அண்ணே, சும்மா சுத்துறதுதாண்ணே அதுக்கு வேலையே! மறுபடி வேகம் புடிக்க முக்கா மணி நேரம் ஆவும்ணே!"

நான் காப்பியோடு தெருவுக்குப் போனேன். லைன்மேன் விருத்தகிரி டிரான்ஸ்ஃபார்மரில் ஏணி சாத்திக்கொண்டிருந்தான்.

"விருத்தகிரி, ஒம் பொண்ணுக்குப் பாத்திருக்கிற சேத்தியாத்தோப்பு மாப்புள்ளயப் பத்தி ஒரு சேதி."

ஏணியை விட்டுவிட்டான். "இன்னாக்கா? குடிப்பானா?"

"காப்பிய குடி மொதல்ல."

மாப்பிள்ளையின் தாத்தாவில் ஆரம்பித்தேன். அத்தை, சித்தப்பா, பைக், பழைய பைக் என்று வந்து சேர ஒன்பது இருபது.

"கொறட்ட வுடுவானாம்ப்பா."

"இதுக்காக்கா?" என்று முறைத்துவிட்டு ஏணியில் ஏறினான்.

கரண்ட் போனது. தெருக்கோடிப் பட்டறைகளில் ஜெனரேட்டர்கள் கத்தின. மதிலுக்கு அந்தப் பக்கம் ஏசியின் முனகல் மட்டும் அப்படியே இருந்தது. கோவிந்தராசு கேட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சென்னைக்காரர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எப்பம்மா கரண்ட் போகும்?"

"போயி பத்து நிமிஷம் ஆச்சு சார்" என்றாள் துர்கா.

இப்போது சக்கரம் இருக்கும் அறைக் கதவில் கோவிந்தராசு தன் கையாலேயே எழுதிய பலகை தொங்குகிறது: 'சக்கரம் சும்மா சுற்றவில்லை. யாரும் நிறுத்தக் கூடாது.' கீழே துர்காவின் கையெழுத்தில்: 'கோவிந்தராசு அண்ணனும்தான்.'